வெயிலில் கடிகாரம் பின்தங்குகிறது, ஈயின் கடிகாரம் ஏன் பின்தங்குவதில்லை?

நீங்கள் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தகரக் கூரை போட்ட மாடி அறையில் மாட்டியிருக்கும் குவார்ட்ஸ் சுவர்க் கடிகாரம் மே, ஜூனில் மாதத்துக்கு இருபது நொடி போலப் பின்தங்குகிறது. டிசம்பரில் ஒழுங்காக ஓடுகிறது. கையில் கட்டும் கடிகாரத்திலும் அதே குவார்ட்ஸ்தான், அதற்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. ஏன்? அப்புறம் இரண்டாவது கேள்வி: செடிக்கும் பூச்சிக்கும் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்கிறார்கள். வேதிவினைகளால் ஓடும் கடிகாரம் வெயிலில் தாறுமாறாக ஓட வேண்டுமே, எப்படி ஓடாமல் இருக்கிறது?

இரண்டும் ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. தொழிற்சாலைகளில் அளவுக் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. வெப்பநிலைதான் எங்களுக்கு நிரந்தரப் பகையாளி. உயிரியல் எனக்குத் தொழில் அல்ல, ஆசைக்குப் படித்தது. ஆனால் படிக்கப் படிக்க, நாங்கள் பட்டறையில் செய்யும் அதே தந்திரம் அங்கேயும் நடப்பது தெரிந்தது.

வெப்பநிலை ஈடுசெய்தல் என்றதும், வெப்பம் தீண்டாத ஏதோ ஒரு பொருளைத் தேடிப் பிடித்து வைத்துவிடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. வெப்பம் பாதிக்கத்தான் செய்யும். அதே வெப்பத்தால் எதிர்ப்பக்கம் பாதிக்கப்படும் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மோதவிடுகிறோம். மோதி அடங்கிய பிறகும் கொஞ்சம் பிழை மிஞ்சும். அந்த மிச்சப் பிழை எப்படி வளைகிறது என்று பார்த்தால், உள்ளே எது எதோடு மோதுகிறது என்பதைப் பிடித்துவிடலாம். இந்தப் பதில் முழுக்க அந்த மிச்சத்தைப் பற்றியதுதான்.

முதலில் உங்கள் சுவர்க் கடிகாரம். அதற்குள் இருப்பது இசைக்கவை வடிவில் வெட்டிய சின்னக் குவார்ட்ஸ் துண்டு. நொடிக்கு 32,768 தடவை அதிரும். ஒன்றை இரண்டால் பதினைந்து தடவை பெருக்கினால் வரும் எண் இது. பாதி பாதியாகப் பதினைந்து முறை வகுத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். இந்தத் துண்டை 25 டிகிரி செல்சியஸ் அருகில் மிக வேகமாக அதிரும்படி வெட்டியிருப்பார்கள். அதற்கு மேலே போனாலும் வேகம் குறையும், கீழே போனாலும் குறையும். வரைந்து பார்த்தால் ஒரு குன்று போல இருக்கும்: உச்சி 25இல், இரண்டு பக்கமும் சரிவு. சரிவின் கணக்கு எளிது. உச்சியிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறதோ அதை வர்க்கமாக்கி 0.035ஆல் பெருக்கினால், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு குறைகிறது என்று கிடைக்கும்.

தகரக் கூரை அறையில் பாதி நாள் 33 டிகிரி, பாதி நாள் 46 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். விலகல் 8, 21. வர்க்கங்கள் 64, 441. சராசரி 252 போல. 0.035ஆல் பெருக்கினால் 8.8 பங்கு. ஒரு நாளுக்கு 86,400 நொடி, ஆகவே நாளுக்கு முக்கால் நொடி, மாதத்துக்கு 23 நொடி. நீங்கள் சொன்ன இருபது நொடியோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. கவனியுங்கள், வர்க்கம் என்பதால் மதியத்தின் 46 டிகிரிதான் கிட்டத்தட்ட முழுப் பழியையும் சுமக்கிறது. கடிகாரத்தை மேற்குச் சுவரிலிருந்து கழற்றிக் கீழ் அறையில் மாட்டினாலே முக்கால்வாசி சரியாகிவிடும்.

கைக்கடிகாரத்துக்கு மட்டும் ஏன் இல்லை? உங்கள் மணிக்கட்டுதான் காரணம். உடம்புச் சூட்டில் ஒட்டியிருப்பதால் அது வருடம் முழுக்க 30 டிகிரி பக்கத்திலேயே இருக்கிறது. உச்சியிலிருந்து ஐந்து டிகிரி விலகல். மாதத்துக்கு இரண்டு, மூன்று நொடி. கழற்றி மேஜை டிராயரில் போட்டுவைத்தவர்கள்தான் 'இது ஒழுங்காக ஓடுவதில்லை' என்பார்கள்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் கடிகாரம் மாதத்துக்கு ஐந்து நிமிடம் பின்தங்கியிருந்தால் நான் வெயிலைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். 45 டிகிரியில் இரவு பகலாக வைத்தாலும் மாதத்துக்கு முப்பத்தாறு நொடிதான் வரும். நிமிடக் கணக்கில் போனால் பாட்டரியையும் பல்சக்கரத்தையும் பாருங்கள்.

இப்போது பழைய கதைக்குப் போகலாம், ஏனென்றால் தந்திரம் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. ஊசல் கடிகாரம் 1656இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் கையில் பிறந்தது. எஃகுக் கம்பியில் தொங்கும் ஊசல், ஒரு டிகிரி ஏறினால் பத்து லட்சத்தில் 11 அல்லது 12 பங்கு நீளும். ஊசலின் அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, அதனால் நேரத்தில் பாதிதான் தெரியும்: ஒரு டிகிரிக்கு நாளொன்றுக்கு அரை நொடி. குளிருக்கும் கோடைக்கும் இருபது டிகிரி வித்தியாசம் என்றால் நாளுக்குப் பத்து நொடி. வீட்டுக்கு இது பெரிதல்ல. நட்சத்திரம் தொலைநோக்கியைக் கடக்கும் நொடியைக் குறிப்பவருக்கு இது பெரிய ஓட்டை.

லண்டனில் ஜார்ஜ் கிரஹாம் என்ற கடிகாரக்காரர் கண்ட வழி பாதரசம். ஊசலின் அடியில் குண்டுக்குப் பதிலாகப் பாதரசம் நிரப்பிய ஜாடியைத் தொங்கவிட்டார். சூட்டில் கம்பி கீழ்நோக்கி நீளும். ஜாடியில் பாதரசம் மேல்நோக்கி எழும். ஜாடியில் எவ்வளவு உயரம் ஊற்றுவது என்பதை மட்டும் சரியாகப் பிடித்துவிட்டால், மொத்தத்தில் ஊசலின் கனம் இருந்த இடத்திலேயே இருக்கும். 1721 முதல் சோதித்து 1726இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் தச்சராக இருந்து கடிகாரம் செய்யக் கிளம்பிய ஜான் ஹாரிசன், எஃகுக் கம்பிகளையும் பித்தளைக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஜன்னல் கம்பி போன்ற ஊசலைச் செய்தார். எஃகு கீழே தள்ளும், அதைவிட அதிகமாக நீளும் பித்தளை மேலே தூக்கும். இரண்டு பேரும் நீளாத பொருளைத் தேடவில்லை, பாருங்கள். நீள்வதை நீள்வதற்கு எதிராக நிறுத்தினார்கள்.

கிரஹாமின் ஜாடியில் ஒரு குறை இருந்தது. கம்பி மெல்லியது, அறை சூடானதும் தானும் சூடாகிவிடும். ஜாடி நிறையப் பாதரசம் சூடாக நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் கடிகாரம் தவறும். ஈடுசெய்யும் பொருளுக்கும் ஈடுசெய்யப்படும் பொருளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே சூடு எட்ட வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. இதை மறந்தவர்கள் பட்டபாட்டைப் பின்னால் சொல்கிறேன், அதில் நானும் உண்டு.

கப்பலில் ஊசல் வேலைக்காகாது. முன்னும் பின்னும் சுழலும் பேலன்ஸ் வீல் என்ற சக்கரமும், அதை இழுத்துத் திருப்பும் ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில்லும் வேண்டும். அங்கே பகையாளி வேறு. பெர்டினண்ட் பெர்தூ என்ற கடிகாரக் கலைஞர் 1773இல் போட்ட கணக்கு இன்றும் எனக்கு வியப்பு. உறைநிலையிலிருந்து சுமார் 33 டிகிரி வரை சூடேற்றினால், ஈடில்லாத கடிகாரம் நாளுக்கு 393 நொடி பின்தங்கும் என்றார். அதில் சக்கரம் விரிவதால் 62, ஸ்பிரிங் நீள்வதால் 19, மீதி 312 நொடி ஸ்பிரிங்கின் விறைப்பு தளர்வதால். அதாவது நீள்வதெல்லாம் சில்லறை. உலோகம் சூட்டில் இளகுவதுதான் முதல் குற்றவாளி. மார்க்கெட்டில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசைத் திறந்து பாருங்கள். அதற்குள் எடையை உணரும் லோட் செல்லின் எஃகும் சூட்டில் இப்படித்தான் ஒரு டிகிரிக்கு 0.02 முதல் 0.03 சதவீதம் வரை இளகுகிறது. அதே மூட்டைக்கு அதிக எடை காட்டப் பார்க்கும். அதைச் சரிக்கட்ட, மின்னழுத்தம் போகும் வழியில் நிக்கல் கம்பியாலான ஒரு சின்ன மின்தடையைப் போட்டிருப்பார்கள். சூட்டில் அதன் மின்தடை ஏறும், லோட் செல்லுக்குப் போகும் மின்னழுத்தம் இறங்கும், கணக்கு சமமாகும். பெர்தூவின் 312 நொடிக்கும் வெங்காய மூட்டையின் எடைக்கும் ஒரே பகையாளி.

ஹாரிசன் தன் கடல் கடிகாரங்களில் பித்தளைப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் ஒட்டவைத்தார். சூட்டில் பித்தளை அதிகம் நீள்வதால் பட்டை வளையும். வளைந்து, ஸ்பிரிங்கின் பயன்படும் நீளத்தைக் குறைக்கும். இஸ்திரிப் பெட்டி தானாக அணைந்து எரிகிறதே, அதற்குள் இருப்பது இதே இரட்டைப் பட்டைதான். பின்னால் வந்தவர்கள் அந்தப் பட்டையைச் சக்கரத்தின் விளிம்பாகவே ஆக்கிவிட்டார்கள். சூட்டில் விளிம்பு உள்பக்கம் வளைய, சக்கரம் சுழல லேசாகும். இளகிய ஸ்பிரிங்குக்கு ஏற்ற லேசான சுமை. அழகான ஏற்பாடு.

ஆனால் மிச்சம் இருந்தது. குளிரில் ஒரு புள்ளியிலும் சூட்டில் ஒரு புள்ளியிலும் நேரம் சரியாக இருக்கும்படி திருகிவைத்தால், நடுவில் உள்ள வெப்பநிலையில் கடிகாரம் நாளுக்கு இரண்டு நொடி போல முந்திக்கொண்டு ஓடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கக் கடிகாரக்காரர்கள் இதோடு மல்லுக்கட்டினார்கள். காரணம் என்னவென்றால், ஸ்பிரிங் இளகுவது ஒருவிதமாக வளைந்து போகிறது, சக்கரம் அதை ஈடுகட்டுவது வேறுவிதமாக. வேறு வேறு வளைவுள்ள இரண்டு கோடுகள் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளலாம், முழுதும் ஒட்டிப் போக முடியாது. வரைந்தால் நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு. உங்கள் சுவர்க் கடிகாரத்தின் அதே குன்று.

இதை உடைத்தவர் சார்ல்ஸ் எடுவர்ட் கியோம், கடிகாரக் குடும்பத்தில் பிறந்த சுவிஸ்காரர். பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ரெயில் உள்ள சர்வதேச எடை அளவுக் கழகத்தில் வேலை. 1896இல், 36 சதவீதம் நிக்கல் கலந்த எஃகு பெரும்பாலான உலோகங்களில் பத்தில் ஒரு பங்குகூட நீள்வதில்லை என்று கண்டார். பெயர் இன்வார். பிறகு, சூட்டில் விறைப்பு மாறாத எலின்வார். 1920இல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்குத்தான் போனது. உலோகக் கலவைக்கு நோபலா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் தகுதியான பரிசு.

'அப்படியானால் வெப்பம் தீண்டாத பொருள் இருக்கிறதே' என்று கேட்பீர்கள். இன்வாரின் உள்ளே போய்ப் பாருங்கள். எல்லா உலோகமும் போல அதுவும் சூட்டில் விரியத்தான் பார்க்கிறது. ஆனால் அதன் காந்த ஒழுங்கு அணுக்களைக் கொஞ்சம் விலக்கி வைத்திருக்கிறது. சூடேற ஏற அந்த ஒழுங்கு தளர்ந்து பொருள் சுருங்கப் பார்க்கிறது. விரிவும் சுருக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இருநூறு சொச்சம் டிகிரியைத் தாண்டிக் காந்தம் போனதும், இன்வார் மற்ற உலோகம் மாதிரியே நீள ஆரம்பித்துவிடும். கிரஹாமின் ஜாடி அணுவுக்குள் போய் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான்.

குவார்ட்ஸும் அப்படித்தான். பெரும்பாலான திண்மங்கள் சூட்டில் இளகும். குவார்ட்ஸ் படிகத்தில் சில திசைகளில் மட்டும் விறைப்பு சூட்டோடு கூடுகிறது, வேறு திசைகளில் குறைகிறது. படிகத்தைச் சரியான கோணத்தில் சீவினால் இரண்டும் ஈடாகிவிடும். 1930களில் ஜப்பானின் கோகா, ஜெர்மனியின் பெக்மான், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தினர் என்று பலரும் தனித்தனியாக இதை எட்டிப் பிடித்தார்கள். ஏடி வெட்டு என்று பெயர் பெற்ற அந்தக் கோணம் 35 டிகிரி 15 நிமிடம் அருகில். கோணத்தில் சில நிமிடம் பிசகினால் வளைவு மாறிவிடும். குன்றுக்குப் பதிலாக, ஒருமுறை ஏறி இறங்கி மறுபடி ஏறும் தட்டையான வளைவு கிடைக்கும். ரேடியோவிலும் கம்ப்யூட்டரிலும் இருப்பது இந்த வெட்டு. சுவர்க் கடிகாரத்துக்கு இசைக்கவை வடிவம் போதும். மலிவு, மின்சாரமும் குறைவாகக் குடிக்கும்.

மிச்சப் பிழையை இன்னும் நசுக்க வேண்டும் என்றால் எலக்ட்ரானிக்ஸ் வரும். டிஎஸ்3231 என்ற சிப் பொழுதுபோக்குக்குச் செய்கிறவர்களுக்கும் தெரிந்திருக்கும். குவார்ட்ஸையும் வெப்பநிலை உணரியையும் ஒரே கூட்டில் அடைத்திருக்கிறார்கள். அறுபத்து நான்கு நொடிக்கு ஒருமுறை சூட்டை அளந்து, குன்று எவ்வளவு சரிந்திருக்கும் என்று பார்த்து, மின்தேக்கிகளைச் சேர்த்தும் நீக்கியும் அதிர்வைத் தூக்கி நிறுத்தும். 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் நிற்கிறது; வருடத்துக்கு ஒரு நிமிடம். உங்களுக்குச் சால்டரிங் தெரியுமென்றால் மாடி அறைக்கு அதை வைத்து ஒரு கடிகாரம் செய்துகொள்ளலாம். அதற்கும் மேலே வேண்டுமென்றால் குவார்ட்ஸை அடுப்புக்குள் வைப்பார்கள். விளையாட்டில்லை, 80 டிகிரி போலச் சூடாக வைத்திருக்கும் சின்ன அடுப்பு. வெளியே எவ்வளவு வெயிலடித்தாலும் உள்ளே சூடு அசையாது. அது ஈடுசெய்தல் அல்ல, தப்பித்தல். வேலை நடக்கிறது, ஆனால் மின்சாரத்தைத் தின்னும்.

சிப்புகளுக்குள் மின்னழுத்த அளவுகோலாக இருக்கும் பேண்ட்கேப் என்ற மின்சுற்றும் இதே இனம்தான். டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் ஒரு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும். வேறு வேறு அடர்த்தியில் மின்சாரம் ஓடும் இரண்டு டிரான்சிஸ்டர்களின் மின்னழுத்த வித்தியாசம் சூட்டோடு ஏறும். ஏறுவதைப் பெருக்கி இறங்குவதோடு சேர்த்தால் 1.2 வோல்ட் பக்கத்தில் அசையாமல் நிற்கும். விட்லர், புரோகா என்ற மின்சுற்று வடிவமைப்பாளர்களின் பெயர்கள் இதோடு சேர்ந்தவை. இங்கேயும் மிச்சத்தை அளந்து பார்த்தால், எதிர்பார்த்தபடியே, நடுவில் ஒரு மேடு.

சரி, நான் பட்ட கதை. உலை ஒன்றின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்த உணரி) எப்போதும் குறைவாகவே காட்டியது. கட்டுப்பாட்டுக் கருவி 'சூடு போதவில்லை' என்று எரிபொருளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. பொருள்கள் வெந்து கருகின. தெர்மோகப்பிளை மாற்றினோம், கருவியை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. தெர்மோகப்பிள் அளப்பது உண்மையில் இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை. சூட்டு முனை உலைக்குள். குளிர் முனையின் வெப்பநிலையைக் கருவி தன் டெர்மினலில் இருக்கும் சின்ன உணரியால் அளந்து கணக்கில் சேர்த்துக்கொள்ளும். பழைய ஆய்வகங்களில் அந்த முனையை உருகும் பனிக்கட்டியில் வைத்துவிடுவார்கள். உலைத் தலையிலிருந்து கருவி வரை, தெர்மோகப்பிளோடு ஒத்த காம்பன்சேட்டிங் கேபிள்தான் போட வேண்டும். யாரோ அவசரத்துக்கு வழியில் சாதாரணத் தாமிரக் கம்பியைப் போட்டுவிட்டார்கள். குளிர் முனை உலைத் தலைக்கு இடம் மாறிவிட்டது, அங்கே 60 டிகிரி. கருவியோ ஏசி அறையில் 24 டிகிரியை அளந்து அதைச் சேர்த்துக்கொண்டிருந்தது. வித்தியாசம் 36 டிகிரி. இரண்டு நாள் அலைந்த பிறகுதான் கேபிளின் நிறம் என் கண்ணில் பட்டது. முதல் மணி நேரத்திலேயே பார்த்திருக்க வேண்டியது.

ஈடுசெய்யும் ஏற்பாடு எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. தப்பான இடத்தின் சூட்டுக்கு ஈடுசெய்தது. கிரஹாமின் ஜாடி நேரத்தில் பிந்தியது, என் கேபிள் இடத்தில் பிந்தியது. கட்டடம் இழுபடுவதை ஸ்ட்ரெயின் கேஜ் என்ற உணரியால் அளப்பவர்கள் இதனால்தான், இன்னொரு கேஜை அதே வகை உலோகத்தின் சுமை படாத தனித் துண்டில் ஒட்டிப் பக்கத்திலேயே வைப்பார்கள். வெயில் இரண்டையும் ஒன்றுபோல இழுக்கும், பிரிட்ஜ் சுற்றில் அது கழிந்துவிடும். நிழலில் கொண்டுபோய் வைத்தால் போச்சு.

இனி உயிருக்குள் இருக்கும் கடிகாரம். வேதிவினைகள் பத்து டிகிரி ஏறினால் இரண்டு, மூன்று மடங்கு வேகமாகும். அந்த மடங்குக்குக் கியூ10 என்று பெயர். கடிகாரம் வேதிவினையால் ஓடினால் 20 டிகிரியில் 24 மணி நேரம் எடுக்கும் சுற்று, 30 டிகிரியில் 10 மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும். ஆனால் முடிவதில்லை. நண்டு ஒன்றின் நிற மாற்றத்தில் இதைப் பார்த்த பிராங்க் பிரவுன் போன்ற உயிரியலாளர்கள், 'உள்ளே கடிகாரமே இல்லை, பூமியிலிருந்து நமக்குத் தெரியாத ஏதோ ஒரு குறிப்பு வருகிறது, அதனால்தான் வெப்பம் பாதிக்கவில்லை' என்று வாதிட்டார்கள். கேலிக்குரிய வாதம் அல்ல. வேதியியல் தெரிந்தவர்களுக்கு அன்று அதுதான் நம்பக்கூடியதாகத் தோன்றியிருக்கும்.

1954இல் காலின் பிட்டென்ட்ரிக், பழ ஈக்கள் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் நேரத்தை அளந்து, இருட்டில் வெப்பநிலையை மாற்றினாலும் சுற்று ஏறக்குறைய 24 மணி நேரத்திலேயே நிற்கிறது என்று காட்டினார். அது மட்டும் பிரவுனை வாயடைக்கப் போதாது. 'ஆமாம், வெளிக் குறிப்புதான்' என்று அவர் அதையும் தன் கட்சியில் சேர்த்துக்கொள்ளலாம்.

1957இல் வுட்லாண்ட் ஹேஸ்டிங்ஸும் பியாட்ரிஸ் ஸ்வீனியும் கொனியாலாக்ஸ் என்ற கடல் ஒற்றைச்செல் உயிரை வைத்து நடத்திய சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரவில் அலை அடிக்கும்போது கடல் நீலமாக மின்னுவதற்குக் காரணமான இனங்களில் ஒன்று. அதன் ஒளிர்வுச் சுற்றை வெவ்வேறு சூட்டில் அளந்தார்கள். சுற்று மாறியது, ஆனால் எதிர்த் திசையில்: சூடு கூடக் கூடச் சுற்று நீண்டது! கியூ10 ஒன்றுக்குக் கீழே. வெளியிலிருந்து குறிப்பு வந்தால் வெப்பநிலை எந்தப் பக்கமும் மாற்றியிருக்கக் கூடாது. வெறும் வேதிவினை என்றால் சுற்று சுருங்கியிருக்க வேண்டும். நீண்டதென்றால் உள்ளே இரண்டு எதிரெதிர் விளைவுகள் இருக்கின்றன, அவற்றில் ஈடுசெய்யும் பக்கம் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டது என்றுதான் பொருள். கிரஹாமின் ஜாடியில் ஒரு விரல் உயரம் அதிகமாகப் பாதரசம் ஊற்றினால் ஊசல் கடிகாரம் கோடையில் முந்தி ஓடுமே, அது மாதிரி. மிச்சப் பிழையைப் பார்த்து உள்ளே உள்ளதைச் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம்மூரிலும் இந்தத் துறைக்குப் பெயர் சொல்ல ஆள் இருந்தார். ஜெர்மனியில் உயிர்க் கடிகார ஆய்வின் முன்னோடியான எர்வின் பியூனிங்கிடம் பணியாற்றிவிட்டு வந்த எம். கே. சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு குழுவையே கட்டினார். பக்கத்துச் சமண மலைக் குகைதான் அவர்களின் ஆய்வகம். பகலும் இரவும் இருட்டு, சூடும் பெரிதாக மாறாது. அங்கே அடைத்துவைத்த வௌவால்கள், பறந்து போய்வரும் கூட்டத்தின் நடமாட்டத்தைக் கொண்டே நேரத்தைச் சரிசெய்துகொண்டன என்று காட்டினார்கள்.

மரபணுக் காலத்தில் மோதும் பக்கங்கள் எவை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. 1971இல் கொனோப்காவும் பென்சரும் பழ ஈயில் 'பீரியட்' மரபணுவைக் கண்டார்கள். அதில் ஒரு பிறழ்வு சுற்றை 19 மணி நேரமாக்கியது, இன்னொன்று 28 ஆக்கியது. 28 மணி நேர ஈயின் ஈடும் கெட்டுப்போயிருந்தது: சூட்டில் அதன் சுற்று மேலும் நீண்டது. ரொட்டிப் பூஞ்சையான நியூரோஸ்போராவில், கேசீன் கைனேஸ் 2 என்ற நொதியின் அளவைக் குறைத்தால் ஈடு அதிகப்படியாகிவிடும் என்று 2009இல் காட்டினார்கள். ஜாடியில் பாதரசத்தின் உயரத்தைக் கூட்டிக் குறைப்பது மாதிரி ஒரு திருகு.

பாலூட்டிகளில் சித்திரம் இன்னும் தெளிவு. சிங்கப்பூரில் டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியில் டேவிட் விர்ஷப்பின் குழு 2015இல் 'பீரியட் 2' புரதத்தில் இரண்டு இடங்களைக் காட்டியது. ஓர் இடத்தில் பாஸ்பேட் ஏறினால் புரதம் அழிவுக்குப் போகும். இன்னோர் இடத்தில் ஏறினால் அது காப்பாற்றப்படும். இரண்டும் ஒரே நொதிக்குப் போட்டி. சூடு ஏறினால் தராசு காப்பாற்றும் பக்கம் சாயும். எல்லா வினையும் வேகமாக ஓடும்போது புரதம் அழிவது மட்டும் அதே அளவு வேகமாகாமல் இழுத்துப் பிடிக்கப்படுகிறது. பித்தளையும் எஃகும் ஒட்டிய பட்டை, ஒரே புரதத்தில்.

நீலப்பச்சைப் பாசியின் கதை மட்டும் வேறு மாதிரி. 2005இல் நகோயாவில் தகாவோ கோண்டோவின் குழு கைஏ, கைபி, கைசி என்ற மூன்று புரதங்களையும் செல்லின் எரிபொருளான ஏடிபியையும் சோதனைக் குழாயில் போட்டது. செல் இல்லை, மரபணு இல்லை. குழாய்க்குள் நாளுக்கு ஒரு சுற்று ஓடியது, வெவ்வேறு சூட்டிலும் ஏறக்குறைய அதே வேகத்தில். பிறகு தெரிந்தது, கைசி மூலக்கூறு ஒன்று நாளுக்குப் பதினைந்து ஏடிபி மட்டும் செலவழிக்கிறது, அந்தச் செலவே சூட்டோடு மாறுவதில்லை. நொதி உலகில் இது நம்ப முடியாத சோம்பேறித்தனம். இது ஊசல் வகை அல்ல, இன்வார் வகை. ஆனால் இன்வாரின் உள்விவகாரம் தெரிந்த எனக்கு, அந்தப் புரதத்தின் மடிப்புகளுக்குள்ளும் ஏதோ இரண்டு எதிரெதிராக இழுத்துக்கொண்டிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. இது என் ஊகம்.

முக்கியமான ஒன்று. ஈடுசெய்யப்பட்ட கடிகாரம் வெப்பத்துக்குக் குருடு என்று நினைத்துவிடாதீர்கள். டிஎஸ்3231க்குள் வெப்பமானி இருப்பது போல, உயிரின் கடிகாரமும் சூட்டை அறிந்துகொண்டே இருக்கிறது. சுற்றின் நீளம்தான் மாறாது. முள்ளைத் திருப்பிவைக்கச் சூடு போதும். இருட்டில் வைத்த ஈக்களுக்குப் பகல் கொஞ்சம் சூடு, இரவு கொஞ்சம் குளிர் என்று தினமும் மாற்றிக் கொடுத்தால் அதையே பகல் இரவாக எடுத்துக்கொள்ளும். எலியின் உடலுறுப்புகள், உடல் வெப்பம் தினமும் ஏறி இறங்குவதைக் கொண்டு நேரத்தைச் சரிசெய்துகொள்கின்றன. மூளையில் இருக்கும் தலைமைக் கடிகாரம் மட்டும் அதற்கு அசைவதில்லை என்று 2010இல் காட்டினார்கள். அந்தத் தலைமைக் கடிகாரமே உடல் வெப்பத்தை ஏற்றி இறக்குகிறது. தான் அனுப்பும் சேதியைக் கேட்டுத் தானே தடுமாறாமல் இருக்க அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஈடு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதும் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஐரோப்பாவின் பழ ஈக்களில் பீரியட் மரபணுவின் ஒரு பகுதி திரும்பத் திரும்ப வரும். வடக்கே நீளமான வடிவமும் தெற்கே குட்டையான வடிவமும் அதிகம். நீளமான வடிவமுள்ள ஈக்களின் ஈடு மேலானது என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. வெப்பநிலை அதிகம் ஊசலாடும் ஊருக்கு நல்ல கடிகாரம், நிதானமான ஊருக்குச் சுமாரான கடிகாரம். நாங்கள் கருவி வாங்கும்போதும் இப்படித்தான் விலை பேசுகிறோம்.

உங்கள் சுவர்க் கடிகாரத்துக்குத் திரும்புகிறேன். நான் சொன்னது சரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். முதல் வாரம் குளிர்ந்த அறையில், 25 டிகிரி பக்கத்தில் வைத்து, கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு எத்தனை நொடி தப்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதை நன்றாகப் பிளாஸ்டிக் உறையில் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரம் உள்ளே போகக் கூடாது. ஃபிரிட்ஜ் 5 டிகிரி என்றால் விலகல் இருபது, வர்க்கம் 400, 0.035ஆல் பெருக்கினால் 14 பங்கு. வாரத்துக்கு எட்டரை நொடி, அதுவும் பின்தங்கும், முந்தாது. வெயிலில் பின்தங்கிய கடிகாரம் குளிரில் முந்தினால் அதற்குள் இருப்பது நான் சொன்ன குன்று அல்ல, வேறு ஏதோ கோளாறு. கழற்றிப் பார்க்க வேண்டும்.